மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன் வலீ யார் என்று பாருங்கள்

கேள்வியின் சுருக்கம்: கேட்பவருக்கு வயது 26, கோலாலம்பூரில் வேலை. ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, ஹனஃபி. பெண்ணுக்கு 24, பினாங்கின் பட்டர்வொர்த்தில் இருக்கிறார், ஷாஃபி குடும்பம். ஓராண்டாகப் பேசிப் பழகுகிறார்கள். பெண்ணின் அத்தா மனைவியைப் பிரிந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் பல வருடங்கள் ஆயிற்று. பெண்ணை வளர்த்துப் படிக்கவைத்தவர் தாய்மாமன். பேசுவதே பாவமா, எங்கே தொடங்குவது, மாமாவே நிக்காஹ் முடித்துவைக்கலாமா, எவ்வளவு நாள் பிடிக்கும், ஹனஃபி, ஷாஃபி என்ற இரண்டு மத்ஹபும் (மார்க்கச் சட்ட வழிமுறையும்) ஒரே வீட்டில் ஒத்துப்போகுமா?

தம்பி, நீங்கள் மூன்றாவதாகக் கேட்டதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டியது. உங்களைப் போன்றவர்களின் திருமணம் தள்ளிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் காதலும் இல்லை, மாமியாரும் இல்லை. மண்டபம் பேசி, பிரியாணிக்கு ஆள் சொல்லி, அழைப்பிதழும் அடித்த பிறகு சமய இலாகாவில் "வாலி யார்?" என்று கேட்பார்கள். அப்போதுதான் குடும்பமே முழிக்கும். (பெண்ணை நிக்காஹ் செய்துகொடுக்கும் உரிமையுள்ள காப்பாளர்தான் வாலி. வலீ என்று நெடிலோடு எழுதுகிறேன். குறிலில் எழுதினால் வேறு பொருள் வருகிறது, சில வீடுகளில் அந்தப் பொருளும் பொருந்தத்தான் செய்கிறது.)

தாய்மாமன் வலீ ஆக முடியாது. நம் தமிழ் வழக்கில் தாய்மாமனுக்கு உள்ள இடம் பெரியது. மாலை அவர் கையால், சீர் அவர் வீட்டிலிருந்து. ஆனால் நிக்காஹின் வலீ வரிசை தந்தை வழியில் மட்டுமே ஓடும். அத்தா, அத்தாவின் அத்தா, உடன்பிறந்த சகோதரன், தந்தை ஒன்றாகவும் தாய் வேறாகவும் உள்ள சகோதரன், பிறகு அந்தச் சகோதரர்களின் மகன்கள், அதற்கும் பிறகுதான் சிறியதந்தை, பெரியதந்தை, அவர்களின் மகன்கள். தாய் ஒன்று, தந்தை வேறு என்ற சகோதரனுக்குக்கூட அதில் இடமில்லை. வளர்த்தவர், செலவு செய்தவர், மாற்றாந்தந்தை, தத்தெடுத்தவர் யாருக்கும் இல்லை.

ஹனஃபி மத்ஹபில் பருவமடைந்த பெண் தன் நிக்காஹைத் தானே முடித்துக்கொள்ளலாம் என்ற கருத்து உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் மத்ஹபில் வலீ தேவையில்லை" என்று சிலர் இலாகாவில் வாதாடிப் பார்க்கிறார்கள். மலேசியாவில் அது எடுபடாது. கோலாலம்பூருக்கு 1984ஆம் ஆண்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டம், பினாங்குக்கு 2004ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. இருவரின் சம்மதமும் வேண்டும், கூடவே வலீயின் சம்மதமோ, அது இல்லாத இடத்தில் ஷரியா நீதிபதி விசாரித்துத் தரும் வலீ ராஜாவின் (அரசரின் அதிகாரத்தால் நிற்கும் வலீ; வலீ ஹாகிம் என்றும் சொல்வார்கள்) சம்மதமோ வேண்டும். இல்லாவிட்டால் திருமணம் பதிவாகாது.

ஆக, பெண்ணின் அத்தா உயிரோடு இருக்கும்வரை அவர்தான் வலீ. பிரிந்து போனது, பணம் அனுப்பாதது, பதினைந்து வருடம் முகம் காட்டாதது எதுவும் அந்த உரிமையைத் தானாக அழித்துவிடாது. இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. எளிதானதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வழி, அவரை நேரில் வரவழைப்பது. வர முடியாது, அல்லது வந்தால் வீட்டில் சண்டை என்றால் இரண்டாவது வழி: வகாலா. அதாவது, தன் சார்பில் நிக்காஹ் முடித்துவைக்க இன்னாருக்கு அதிகாரம் தருகிறேன் என்று அத்தா எழுதிக் கொடுப்பது. வெறும் வாட்ஸ்அப் குரல்பதிவு போதாது. பெண்ணின் மாவட்ட இலாகாவிடம் அவர்களுடைய வகாலா படிவத்தை முதலில் வாங்கி ஊருக்கு அனுப்புங்கள். சாட்சிகள் யார், யார் முன்னிலையில் கையெழுத்து, தூதரகச் சான்றொப்பம் வேண்டுமா என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருப்பதால் அது நடக்காத காரியமில்லை. ஊர் ஜமாஅத் லெட்டர்பேடில் ஹஜ்ரத் எழுதித் தந்த தாளை மட்டும் கொண்டுவந்து நீட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

இந்த இடத்தில்தான் மாமாவுக்கும் ஒரு வழி பிறக்கிறது. நிக்காஹ் முடித்துவைக்கச் சட்டம் மூன்று பேரை அனுமதிக்கிறது: பதிவாளர் முன்னிலையில் வலீ, பதிவாளரின் அனுமதியோடு வலீயின் பிரதிநிதி, அல்லது வலீயின் பிரதிநிதியாகப் பதிவாளரே. அத்தா மாமாவைத் தன் வக்கீலாக (சார்பாளர், நீதிமன்ற வக்கீல் அல்ல) நியமித்துப் பதிவாளரும் ஒப்புக்கொண்டால், ஈஜாபை, அதாவது பெண்ணை மணமுடித்துத் தருகிறேன் என்ற சொல்லை, மாமா தம் வாயால் சொல்லலாம். அவர் வலீ அல்ல, வலீயின் வக்கீல். வளர்த்தவர் மனம் குளிர அது போதும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மாமா இரண்டு சாட்சிகளில் ஒருவராக உட்காரட்டும். இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்க்க முடியாது; வக்கீலாக இருப்பவர் சாட்சி ஆக மாட்டார்.

மூன்றாவது வழி நீதிமன்றம். அத்தா எங்கே என்றே தெரியாது, அல்லது காரணமில்லாமல் மறுக்கிறார் என்றால் பெண் ஷரியா நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். மனு பெண்ணுடையது, நீங்கள் செய்ய முடியாது. ஷாஃபி முறையில் நெருங்கிய வலீ இரண்டு மர்ஹலாவுக்கு அப்பால், ஏறக்குறைய 90 கிலோமீட்டர், இருந்தால் உரிமை அடுத்த வலீயான அண்ணனுக்கு இறங்காது. வலீ ஹாகிமுக்குப் போகும். "அத்தா இல்லாவிட்டால் அண்ணன்" என்று நம் ஆட்கள் சொல்வது அத்தா இறந்திருந்தால் சரி, வெளியூரில் இருந்தால் தவறு. பினாங்கில் சுல்தான் கிடையாது என்பதால் அங்கே இஸ்லாத்தின் தலைமை மாமன்னரிடம் இருக்கிறது. வலீ ராஜாவின் அதிகாரமும் அங்கிருந்தே வருகிறது. இந்த வழிக்குச் சில மாதங்களை ஒதுக்கிவிடுங்கள். நீதிமன்றம் அத்தாவை அழைத்துக் காரணம் கேட்கும். தேடினோம், கிடைக்கவில்லை என்பதற்குச் சான்று கேட்கும். பழைய விலாசத்துக்கு அனுப்பித் திரும்பிவந்த பதிவுத்தபால், ஊர் ஜமாஅத்தின் கடிதம் இவற்றையெல்லாம் இப்போதே சேர்த்து வையுங்கள்.

வலீ விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது, யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். பெண் வீட்டின் மூத்த பிள்ளை என்றால் பெற்றோரின் நிக்காஹ் சான்றிதழையும் கேட்பார்கள். நிக்காஹுக்குப் பின் குறைந்தது ஆறு சந்திர மாதம் கழித்துப் பிறந்தவரா என்று பார்ப்பதற்காக. அதற்குமுன் பிறந்திருந்தால் தந்தையின் வலீ உரிமை கேள்விக்குள்ளாகி வலீ ஹாகிமுக்குப் போகும். இந்தக் கேள்வியே வராத வீடுகளிலும் தாள் இல்லாமல் சிக்கும். அத்தாவும் அம்மாவும் ஊரில் நிக்காஹ் முடித்தவர்கள்; பதிவு என்று இருப்பது பள்ளிவாசல் தஃப்தரில் ஒரு பக்கம் மட்டும். அதன் நகல், ஜமாஅத் முத்திரை, மொழிபெயர்ப்பு எல்லாம் வந்துசேர ஒரு மாதம் ஓடிவிடும். கூடவே பெயர்க் குழப்பம். பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் "காதர் மைதீன்", அத்தாவின் இந்தியக் கடப்பிதழில் "காதிர் முஹைதீன்", முன்னால் ஒரு இனிஷியல், நடுவில் இன்னாரின் மகன் என்று காட்டும் "பின்" இல்லை. ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட வேண்டும். இன்று மாலையே பிறப்புச் சான்றிதழ், கடப்பிதழ் நகல், நிக்காஹ் தாள் என்று கையில் இருப்பவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி பேசுவது பற்றி. கல்யாண நோக்கத்தோடு, தேவையானதை, தனிமையில்லாமல் பேசுவதைத் தவறு என்று ஆலிம்கள் சொல்வதில்லை. பெண்ணைப் பார்ப்பதை நபிமொழியே தூண்டுகிறது. ஷாஃபி நூல்களில், பெண் கேட்பதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது என்றிருக்கிறது. கேட்டுவிட்டுப் பார்த்து, பிறகு வேண்டாம் என்றால் பெண் மனம் நோகும் என்பதால். முகமும் இரு கைகளும் பார்வைக்குரியவை. தடை விழுவது கல்வத்தில்: அந்நிய ஆணும் பெண்ணும் மூன்றாமவர் இல்லாத இடத்தில் தனித்திருப்பது. நள்ளிரவு வீடியோ அழைப்பு சட்டத்தில் கல்வத் ஆகாது என்றாலும், கேட்க வேண்டியது கேட்டு முடிந்த பின்னும் தினம் இரண்டு மணி நேரம் ஓடுகிறது என்றால் நோக்கம் எப்போதோ மாறிவிட்டது. ஓராண்டு பேசியாயிற்று என்கிறீர்கள். என் கணிப்பில், இரண்டு மாதத்தில் கேட்டு முடிக்கக்கூடியதுக்குமேல் எதுவும் மிச்சமிருக்காது.

கேட்க வேண்டியவை என்று நான் சொல்வேன்: முந்தைய நிக்காஹ் அல்லது தலாக் உண்டா, பிடிபிடிஎன் கல்விக்கடன், கார் கடன், கிரெடிட் கார்டு பாக்கி எவ்வளவு, கல்யாணத்துக்குப் பின் கோலாலம்பூரா பட்டர்வொர்த்தா, அவள் வேலை தொடருமா, உங்கள் அம்மாவோடு ஒரே வீடா, தலசீமியா (பரம்பரை இரத்தக் குறைபாடு) பரிசோதனை என்ன சொல்கிறது. கடைசியதைச் சங்கடம் என்று விடாதீர்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே முடித்த குடும்பங்கள் நம்முடையவை. இருவரும் மரபணு சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சட்டத்தின் கல்வத் வேறு ரகம். கூட்டரசுப் பிரதேசத்தில் 1997ஆம் ஆண்டின் ஷரியா குற்றவியல் சட்டப்படி 3000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். படுக்கையறையில் பிடிபட்டால்தான் என்று நினைக்க வேண்டாம். சந்தேகம் வரும் சூழலில், ஒதுக்கமான இடத்தில் தனித்திருப்பதே போதும். ஓரமாக நிறுத்திய காரும் அதில் வரும். நிச்சயம் ஆனவர்கள் என்பதால் விலக்கில்லை. நிச்சயத்தன்று மோதிரத்தையும் உங்கள் அம்மா அல்லது அக்கா போடட்டும். நிச்சயம் உங்களை மஹ்ரம் (தொட்டுப் பழகத் தடையில்லாத உறவு) ஆக்காது. புகைப்படக்காரர் "கையைப் பிடிங்க" என்பார். அவருக்கு அது தொழில்.

சந்திக்க வேண்டுமென்றால் பெண்ணின் அண்ணனோ மாமியோ கூட வரட்டும். திறந்த நாசி கண்டார் கடை, மாலை ஐந்து மணி. நேரத்தைச் சும்மா சொல்லவில்லை. இங்கே மஃக்ரிப் (அந்தி) தொழுகைக்கும் இஷா (இரவு) தொழுகைக்கும் இடையே சுமார் 70 நிமிடம்தான். ஏழு மணிப் படம், ஏழரை மணிச் சாப்பாடு என்று வைத்தால் மஃக்ரிப் போய்விடும். பெரிய வணிக வளாகங்களில் சூராவ் (தொழுகை அறை) உண்டு, ஆனால் வார இறுதியில் பெண்கள் பக்கம் ஒளுச் செய்யவே (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவவே) வரிசை நிற்கும்.

முடிவெடுக்கும் முன் நல்வழி கேட்டுத் தொழும் இஸ்திகாரா தொழுதீர்களா என்று யாராவது கேட்பார்கள். இரண்டு ரக்அத், பிறகு அதற்கான துஆ. கனவு வர வேண்டும், பச்சை தெரிய வேண்டும் என்பதெல்லாம் நிபந்தனை இல்லை. ஷாஃபியினர் சுப்ஹு (அதிகாலைத் தொழுகை) முடிந்தபின் சூரியன் உயரும்வரையும் அசர் (பிற்பகல் தொழுகை) முடிந்தபின் மஃக்ரிப்வரையும் இதைத் தொழுவதில்லை. விசாரிப்பதை நிறுத்திவிட்டு இஸ்திகாரா மட்டும் தொழுவது பாதி வேலைதான். பெண் வேலை பார்க்கும் இடத்திலும் அவள் வீட்டார் தொழும் பள்ளிவாசலிலும் ஆள் விட்டு விசாரிப்பதும் அதில் சேர்ந்தது.

நிச்சயத்துக்குச் சட்டத்தில் எடை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஷரியத்தின்படி நிச்சயம் செய்துவிட்டு, மறுபக்கம் தயாராக இருக்கும்போது தகுந்த காரணமின்றிப் பின்வாங்குபவர், வாங்கிய பரிசுப் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித்தர வேண்டும். கல்யாணத் தயாரிப்புக்கு மறுபக்கம் நல்லெண்ணத்தில் செய்த செலவையும் கொடுக்க வேண்டும். எனவே நிச்சயத்தட்டில் என்னென்ன போனது, எவ்வளவு விலை என்று ஒரு தாளில் எழுதி இருபக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது தட்டு, பதினொரு தட்டு என்று எண்ணிக்கையை எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். நகையின் எடையை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

தாள் வேலைக்கு வருவோம். நீங்கள் இருவரும் வேறு வேறு மாநிலம் என்பதால் வரிசை முக்கியம். முதலில் ஐசி (அடையாள அட்டை) விலாசத்தைப் பாருங்கள். எந்தக் காரியாவில் (பள்ளிவாசல் வட்டாரத்தில்) இருக்கிறீர்கள் என்பது பெரும்பாலும் அதை வைத்தே முடிவாகும். வாடகை வீடு செராஸில், ஐசி விலாசம் ஈப்போவில் என்றால் அங்கேயே சிக்கல். அடுத்து கூர்சுஸ் காவின், திருமண முன்பயிற்சி. இரண்டு நாள். நீங்கள் கோலாலம்பூரிலும் அவள் பினாங்கிலும் தனித்தனியாகப் போகலாம். சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். மலாயில் நடக்கும். கல்யாணத் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள், இதை எப்போது வேண்டுமானாலும் முடித்துவைக்கலாம்.

எச்.ஐ.வி. பரிசோதனை அதற்கு நேர்மாறு. மிக முன்னதாக எடுத்தால் காலாவதியாகிவிடும், அந்தக் காலக்கெடுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆகவே விண்ணப்பம் கொடுப்பதற்குச் சற்றுமுன் அரசு கிளினிக் கெசிஹாத்தானில் எடுங்கள். திருமண விண்ணப்பத்துக்காக என்று சொன்னால் அவர்களுக்கே வழக்கம் தெரியும். சில கிளினிக்குகள் குறிப்பிட்ட நாளில் மட்டும் பார்ப்பதால் முதலில் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

பிறகு விண்ணப்பம். பல மாநிலங்களில் இப்போது இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, ஆவணங்களோடு கொண்டுபோக வேண்டும். முதலில் உங்கள் பக்கம் முடிய வேண்டும். நீங்கள் சொன்ன விவரங்கள் உண்மை என்று கோலாலம்பூரில் உங்கள் காரியாவின் பதிவாளர் தரும் சான்று, பட்டர்வொர்த்தில் பெண்ணின் விண்ணப்பத்தோடு சேர வேண்டும். பெண் பக்கத்தை முதலில் முடித்துவிட்டு மாப்பிள்ளை தாளுக்குக் காத்திருப்பதுதான் பலர் செய்வது. அதற்குள் கிளினிக் தாள் காலாவதியாகிவிடும். சட்டம் கேட்பது, நிக்காஹ் தேதிக்கு ஏழு நாள் முன்பு விண்ணப்பம் சேர வேண்டும் என்பதுதான். அந்த ஏழை நம்பிவிடாதீர்கள். எல்லாத் தாளும் கையில் இருந்தால் இரண்டு மாதம். வகாலா ஊரிலிருந்து வர வேண்டுமென்றால் மூன்று முதல் நான்கு. நீதிமன்றம் என்றால் தேதியே குறிக்காதீர்கள், தீர்ப்பு கையில் வரட்டும்.

நிக்காஹ் நடக்கும் இடம் பெண்ணின் காரியாப் பள்ளிவாசல். வேறு இடம் வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் நிக்காஹ் முடிக்க ஆசைப்படும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 1801இல் நம் முன்னோர் எழுப்பிய பள்ளி, ஆசை நியாயம்தான். ஆனால் பட்டர்வொர்த் பெண்ணுக்கு அது வேறு காரியா, தனி அனுமதி. அதேபோல ஊரிலிருந்து ஹஜ்ரத் வருகிறார், அவரே முடித்துவைக்கட்டும் என்பதும் அனுமதியில்லாமல் நடக்கக் கூடாது. அதிகாரமின்றி நிக்காஹ் முடித்துவைப்பவருக்கு 1000 ரிங்கிட்வரை அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ உண்டு. விருந்தாளியாக வந்த ஆலிமை இந்தப் பள்ளத்தில் தள்ளாதீர்கள். அவர் தமிழில் குத்பா ஓதட்டும், துஆ செய்யட்டும்.

தாய்லாந்துக்குப் போய் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். வெளிநாட்டில் செய்த நிக்காஹை ஆறு மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். வலீயின் நிலை சரியில்லாவிட்டால் அதைத் திரும்ப நீதிமன்றம்தான் தீர்க்கும். நீங்கள் தப்பிக்க நினைத்த அதே மேசைக்கே திரும்பி வருவீர்கள், இம்முறை அபராதத்தோடு. பிள்ளை பிறந்த பிறகு என்றால் அதன் பிறப்புப் பதிவும் சேர்ந்து தொங்கும்.

மஹரில், அதாவது மணமகன் பெண்ணுக்குத் தரும் மணக்கொடையில், நம்மவர்களுக்கு இரண்டு உலகக் குழப்பம். மஹரை மலாயில் மாஸ் காவின் என்பார்கள்; இலாகா சொல்லும் அளவு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சிலாங்கூரில் 300 ரிங்கிட், பினாங்கில் நெடுங்காலம் 24 ரிங்கிட்தான். அது குறைந்தபட்ச அளவு; பவுனில் கொடுத்தாலும் தடையில்லை. அதற்கு மேல் மலாய் வழக்கத்தில் ஆண் பெண்ணுக்குத் தரும் ஹந்தாரான். நம் ஊர்ப் பழக்கத்திலோ கைக்கூலி எதிர்த்திசையில் ஓடும். சில வீடுகள் இரண்டையும் கேட்கின்றன: பெண் வீடு ஹந்தாரான் என்கிறது, மாப்பிள்ளை வீடு சீர் என்கிறது, கடைசியில் ஒன்றுக்கொன்று கழித்துவிடுகிறார்கள், மஹர் மட்டும் 24 ரிங்கிட்டிலேயே நிற்கிறது. மஹர் பெண்ணுக்கே சொந்தம், அவள் பெற்றோருக்கு அல்ல. நிக்காஹ் நேரத்தில் மஹர் எவ்வளவு, வேறு அன்பளிப்பு என்ன, எது பாக்கி, அதற்கு ஈடு என்ன என்பதைப் பதிவாளர் எழுத வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பத்துப் பவுன் மஹர், அதில் நான்கு பாக்கி என்றால் அப்படியே எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லில் விட்ட பாக்கியைப் பிற்பாடு நிரூபிப்பது கடினம். கருகமணி நம் வழக்கம், அழகான வழக்கம். ஆனால் நிக்காஹின் பகுதி அல்ல. அது கட்ட நேரமாகிறது என்று காதியைக் காக்கவைக்காதீர்கள்.

அக்தில் (நிக்காஹ் ஒப்பந்தம் சொல்லும் நேரத்தில்) நடுங்காதீர்கள். ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை இல்லை. ஈஜாப் முடிந்ததும் இடையில் வேறு பேச்சோ நீண்ட இடைவெளியோ இல்லாமல் கபூல் (ஏற்றுக்கொண்டேன் என்று) சொன்னால் போதும். பெயரோ மஹர் தொகையோ பிசகினால் மறுபடி சொல்லச் சொல்வார்கள், அவ்வளவுதான். மலாய் வராது என்றால் தமிழிலும் செல்லும். இரண்டு சாட்சிகளுக்கும் புரிய வேண்டும் என்பதால் அதை முன்னதாகவே சொல்லிவையுங்கள்.

பிறகு தக்லிக், அதாவது கணவன் தரும் நிபந்தனை உறுதிமொழியை, வாசிக்கச் சொல்வார்கள். வாசித்துக் கையெழுத்திடும் முன் பொருளைப் புரிந்துகொள்ளுங்கள். சொற்கள் மாநிலத்துக்குச் சற்று மாறும். சாரம் இது: நான்கு மாதமோ அதற்கு மேலோ மனைவியை விட்டு நீங்கிச் செலவுக்கும் கொடுக்காவிட்டாலோ, உடலுக்குத் தீங்கு செய்தாலோ, அவள் ஷரியா நீதிமன்றத்தில் முறையிட்டு, அது நிரூபணமாகி, ஒரு ரிங்கிட் செலுத்தினால் குல்உ முறையில் (மனைவி ஈடு கொடுத்துப் பெறும் பிரிவு) ஒரு தலாக் விழும். நிக்காஹ் சபையில் இது அபசகுனம் என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. உங்கள் மணப்பெண்ணின் அம்மாவிடம் இப்படி ஒரு காகிதம் இருந்திருந்தால், வலீ விஷயம் மாறாவிட்டாலும், அவருடைய வாழ்க்கை எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

மண்டபத்துக்குப் பணம் சேரவில்லை என்பதால் தள்ளிப்போடுகிறீர்கள் என்றால் நிக்கா காந்துங் என்ற வழி இருக்கிறது. அக்தை முறைப்படி பதிவு செய்துவிட்டு, வலீமாவும் (கல்யாண விருந்தும்) குடித்தனமும் பிறகு. சட்டப்படி நீங்கள் முழுக் கணவன் மனைவி. சேர்ந்து வெளியே போகலாம், நிக்காஹ் அட்டை கையில் இருக்கட்டும். செலவுக்கு யார் பொறுப்பு, எந்த மாதத்திலிருந்து, எப்போது அழைத்துப்போவது என்பதை மட்டும் இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் ஆறு மாதம் இரண்டு வருடமாகிவிடும்.

மத்ஹப் கலப்பு, உண்மையில், எல்லாவற்றிலும் எளிது. இருவரும் அவரவர் முறையில் தொழலாம், ஒருவர் பின் ஒருவர் நின்றும் தொழலாம். உரசுவது சின்ன இடங்களில். ஷாஃபியில் கணவன் மனைவி தோல் பட்டாலே ஒளு முறியும், ஹனஃபியில் முறியாது. நீங்கள் ஒளுச் செய்து வரும் வழியில் அவள் கையைத் தொட்டால், உங்கள் ஒளு நிற்கும், அவளுடையது போகும். கோபிக்காமல் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. அசர் பாங்கு இங்கே ஷாஃபிக் கணக்கில் சொல்லப்படுகிறது. ஹனஃபிக் கணக்கில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிந்தும். ஆனால் இமாம் அபூஹனீஃபாவின் இரு மாணவர்களின் கருத்தும் முன்நேரத்தையே சொல்வதால் பள்ளியில் ஜமாஅத்தோடு நீங்கள் தொழுவதில் குறையில்லை. சுப்ஹில் இமாம் குனூத் (நின்றபடி ஓதும் துஆ) ஓதினால் பேசாமல் நில்லுங்கள். ரமலானில் இங்குள்ள பள்ளிகளில் வித்ரை (இரவின் நிறைவுத் தொழுகையை) இரண்டு ரக்அத், பிறகு ஒன்று என்று பிரிப்பார்கள். உங்கள் முறை மூன்றும் ஒரே சலாமில். பயணத்தில் அவள் லுஹரையும் அசரையும் சேர்த்துத் தொழுவாள், நீங்கள் சுருக்குவீர்கள், சேர்க்க மாட்டீர்கள். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு சுமார் 350 கிலோமீட்டர். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் இரண்டு முறை நிறுத்தினால் யாருக்கும் சங்கடமில்லை.

மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையை மறந்துவிடாதீர்கள். ஷாஃபிக் குடும்பத்துக்கு நண்டும் சோத்தோங்கும் (கணவாய்) ஹலால். ஹனஃபியில் கடலிலிருந்து மீன் மட்டும். நண்டும் சோத்தோங்கும் ஆகாது, இறாலில் மட்டும் ஆலிம்களிடையே இரு கருத்து. நீங்கள் கடைப்பிடிப்பவர் என்றால் பெண் பார்க்கும் நாளுக்கு முன்பே மாமியிடம் சொல்லி அனுப்புங்கள். அன்று நண்டுக் குழம்பு வைத்துவிட்டு, மாப்பிள்ளை தொடவில்லை என்று அந்த வீடு பத்து வருடம் பேசும்.

நோன்பில் இரண்டு கணக்கு. அவளுக்கு விடுபட்ட நோன்புகள் இருந்து அடுத்த ரமலான் வருவதற்குள் தகுந்த காரணமின்றிப் பிடிக்காவிட்டால், ஷாஃபியில் களாவோடு (பின்னர் பிடிக்கும் ஈட்டு நோன்போடு) நாளுக்கு ஒரு "முத்" அளவு அரிசி ஃபித்யாவாக (ஏழைக்குத் தரும் ஈடாக) சேரும். இங்குள்ள அளவில் அது ஏறக்குறைய 675 கிராம். ஹனஃபியில் களா மட்டும். அவள் கணக்கை அவள் மத்ஹபில் அவள் தீர்க்கட்டும், "எங்களுக்கு அது இல்லையே" என்று குறுக்கே போகாதீர்கள். இரவில் கூடிவிட்டுக் குளிக்காமல் சுப்ஹு ஆகிவிட்டால் நோன்பு முறிந்தது என்று புதுத் தம்பதிகள் பயப்படுவதுண்டு. நோன்பு செல்லும், தொழுகைக்காகக் குளித்தாக வேண்டும். பகலில் நடந்தால்தான் கஃப்பாரா (பரிகாரம்): தொடர்ந்து 60 நாள் நோன்பு, இயலாவிட்டால் 60 ஏழைகளுக்கு உணவு. ஷாஃபியில் அது கணவன்மீது மட்டும், ஹனஃபியில் இசைந்த இருவர்மீதும்.

ஸகாத் ஃபித்ராவில் (நோன்பு முடிவில் ஆளுக்கு ஆள் தரும் தர்மத்தில்) ஷாஃபிப்படி மனைவிக்குரியதையும் நீங்கள் கொடுக்க வேண்டும்; ஆளுக்கு ஒரு ஸாவு என்ற அளவு, இங்கே 2.7 கிலோ அரிசி அல்லது மாநிலம் அறிவிக்கும் தொகை. ரமலானின் கடைசி மாலை மஃக்ரிபுக்கு முன் அக்த் முடிந்து அவள் உங்கள் பொறுப்பில் வந்திருந்தால் அந்த வருடத்திலிருந்தே கணக்கில் சேர்த்துவிடுங்கள், அவள் மாமாவிடமும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வழக்கப்படி அவரும் அவளுக்குச் சேர்த்துக் கட்டியிருப்பார்.